ஸ்போர்ட்ஸ் காரை விற்ற பிறகு என்ன வாங்கலாம்?

ஸ்போர்ட்ஸ் காருக்குச் செலவு செய்து கட்டுப்படியாகவில்லை என்றால் விற்றுவிடுங்கள், ஆனால் ஓட்டுகிற சந்தோஷத்தையும் சேர்த்து விற்றுவிட வேண்டாம். நம் ஊர்ச் சாலையில் 300 குதிரைத்திறனை எங்கே முழுசாக மிதிக்க முடிகிறது? எடை குறைவாக, கியர் சுத்தமாக விழுகிற, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கைத் திருப்புகிற சின்ன கார் ஒன்று போதும், மலைப்பாதை வளைவில் 50 கிமீ வேகத்திலேயே முகத்தில் சிரிப்பு வந்துவிடும்.

பழைய காரில் என் முதல் தேர்வு 2020 முதல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (1 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்), 6 கியர் மேனுவல், சுமார் 110 குதிரைத்திறன். 2022ல் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் நல்ல வண்டிக்குக் கொஞ்சம் பொறுமையாகத் தேட வேண்டும். புதுசாகவே வேண்டும் என்றால் ஹூண்டாய் ஐ20 என் லைன், 120 குதிரைத்திறன். பட்ஜெட் இன்னும் குறைவா? மாருதி ஸ்விஃப்ட். எடை 900 கிலோ அளவில்தான், அதனால் சக்தி குறைவாக இருந்தாலும் துள்ளும்.

ஓட்டிப் பார்க்கும்போது நேர் ரோட்டில் வேகம் பார்க்காதீர்கள். மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) மிதித்துப் பாருங்கள், இரண்டு வளைவு எடுங்கள். அப்புறம் குனிந்து டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்த பழைய டயர், அதனால் புது டயர் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.