ஓவனில் மொறுமொறு உருளைக்கிழங்கு

ரசம் சாதமோ தயிர் சாதமோ, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்கள். வீட்டில் ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) இருந்தால் அடுப்பருகே நின்று கிளறிக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

நான்கு பேருக்கு முக்கால் கிலோ போதும். தோல் சீவி, கொஞ்சம் பெரிய துண்டுகளாக நறுக்கி, உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்ட கொதிநீரில் 7, 8 நிமிடம் வேகவிடுங்கள். ஓரம் மட்டும் குழைந்தால் சரி. தண்ணீரை நன்றாக வடித்து, இரண்டு நிமிடம் ஆவி போக விட்டு, பாத்திரத்தை மூடி குலுக்குங்கள். துண்டுகளின் மேல் மாவு பூசினாற்போல் ஒரு சொரசொரப்பு வரும். மொறுமொறுப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது, குலுக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பிரட்டி, தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பி, முன்பே 220 டிகிரி செல்சியஸில் சூடாக்கிய ஓவனில் வையுங்கள். நெருக்கியடித்துப் போட்டால் ஆவியிலேயே வெந்து சொதசொதவென்று ஆகிவிடும். 20 நிமிடத்தில் ஒருமுறை திருப்பிப் போட்டு, பொன்னிறமாகும் வரை இன்னொரு 15, 20 நிமிடம் விடுங்கள்.

மிளகாய்த்தூளையும் நசுக்கிய பூண்டையும் முதலிலேயே சேர்த்தால் கருகிக் கசக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் சேருங்கள். எனக்கென்னவோ, வெளியே எடுத்த சூட்டில் கொரகொரப்பாகப் பொடித்த மிளகும் சீரகமும் தூவுவதுதான் பிடிக்கும்.

அப்புறம், ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கு இதற்கு வேண்டாம். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் சீக்கிரமே கறுத்துவிடும்.