எம்ஜிபி ரோட்ஸ்டரா? எஞ்சினுக்கு முன்னால் துருவைப் பாருங்கள்

1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகிறவர்கள் நேராகப் பானெட்டைத் திறந்து எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். அந்த 1798 சிசி எஞ்சின் லேசில் சாகாது. சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐ-க்கு மேல் நின்றால் சரி, விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பகுதியை, அதாவது 'சில்' (sill) என்பதை. இந்த வண்டிக்குத் தனி சேஸி கிடையாது, பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது, அதனால் சில் உள்ளுக்குள் துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்ந்து கதவு இடைவெளி மேல்பக்கம் குறுகிவிடும். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் எஸ்யூ என்ற கம்பெனியின் மின்சார பெட்ரோல் பம்ப். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் என்று கேட்டு அடங்க வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, இல்லையென்றால் எங்கோ கசிவு. சத்தமே வராவிட்டால் உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட் கெட்டிருக்கலாம், லேசாகத் தட்டினால் ஓடும்தான், ஆனால் அதை நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள்.

லைட் மங்கினால் மின்சாரப் பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, கிரீஸ் அடியுங்கள்.