ஈமேக்ஸில் சொந்த ஷார்ட்கட்: சொதப்புவது எங்கே?

ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் ஷார்ட்கட் எழுதி அது வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் எழுதிய வரியில் பிழை இருக்காது, அந்தக் கீயை வேறு ஏதோ ஒன்று ஏற்கனவே பிடித்து வைத்திருக்கும். அதனால் கீயை முடிவு செய்யும் முன்பே கண்ட்ரோல்-ஹெச், அப்புறம் கே தட்டி, அந்தக் கீயை அழுத்திப் பாருங்கள். இப்போது அது எந்தக் கட்டளையை ஓட்டுகிறது என்று காட்டிவிடும். அழுத்தியும் திரையில் ஒன்றும் அசையவில்லையா? கீ ஈமேக்ஸ் வரை வந்து சேரவே இல்லை. டெஸ்க்டாப்போ, டெர்மினலோ, டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் டிமக்ஸோ நடுவழியில் எடுத்துக்கொண்டது, இனி எவ்வளவு லிஸ்ப் (ஈமேக்ஸின் நிரல்மொழி) எழுதினாலும் வீண்தான்.

எந்தக் கீயை எடுப்பது என்பதில் நிறையப் பேர் தேவையில்லாமல் சிரமப்படுகிறார்கள். கண்ட்ரோல்-சி அழுத்திவிட்டு ஏதாவது ஒரு ஆங்கில எழுத்து (பெரியதோ சின்னதோ), அதோடு தனியாக எஃப்5 முதல் எஃப்9 வரை, இவை பயனருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 57 இடங்கள் ஆயிற்று, எனக்கு அதில் பாதிகூட நிரம்பவில்லை. கண்ட்ரோல்-சி-க்குப் பிறகு இன்னொரு கண்ட்ரோல் கீ வந்தால் அது மேஜர் மோடுகளுடைய (கோப்பின் வகைக்கேற்ப மாறும் முதன்மை நிலைகள்) இடம், அங்கே கை வைத்தால் ஒருநாள் மோதல் நிச்சயம்.

கண்ட்ரோல்-ஐ, கண்ட்ரோல்-எம் இரண்டையும் பார்த்தவுடன் காலியாக இருப்பதுபோலத் தோன்றும். தொடாதீர்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் கண்ட்ரோல்-ஐ என்பது 9, அதாவது டேப். கண்ட்ரோல்-எம் என்பது 13, அதாவது என்டர். கண்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறி 27, எஸ்கேப். கண்ட்ரோல்-எம்-இல் ஆசையாக ஒரு கட்டளையை வைத்துவிட்டு, புது வரிக்கு என்டர் தட்டினால் அந்தக் கட்டளை ஓடுகிறதே என்று குழம்பி நிற்பவர்கள் உண்டு.

அடுத்தது, குளோபலாக (ஈமேக்ஸ் முழுவதற்கும்) வைத்த கீ எல்லா இடத்திலும் ஜெயிக்கும் என்ற நம்பிக்கை. நடப்பது தலைகீழ்: ஈமேக்ஸ் முதலில் மைனர் மோடுகளின் (மேஜர் மோடுக்கு மேல் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகள்) கீமேப்பை, அதாவது எந்தக் கீக்கு எந்தக் கட்டளை என்ற பட்டியலைத் தேடும், பிறகு மேஜர் மோடு, கடைசியில்தான் குளோபல். கண்ட்ரோலோடு காற்புள்ளியை நீங்கள் குளோபலாக வைத்திருந்தாலும், ஆர்க் (குறிப்புகளும் வேலைப் பட்டியலும் எழுதும் மோடு) கோப்பைத் திறந்தால் அது அஜெண்டா கோப்புகளைச் சுற்றிக் காட்டப் போய்விடும், ஏனென்றால் ஆர்க் மோடு அந்தக் கீயைத் தனக்கென்று வைத்திருக்கிறது. அந்த மோடில் உங்களுடையதுதான் வேண்டும் என்றால் அந்த மோடின் கீமேப்பிலேயே எழுத வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: அந்த மோடைத் தரும் பேக்கேஜ் இன்னும் ஏறாதபோது அந்தக் கீமேப்பே இருக்காது, ஈமேக்ஸ் திறக்கும்போதே பிழை வரும். 'வித்-இவால்-ஆஃப்டர்-லோட்' உள்ளே போட்டால் சரியாகிவிடும். எங்கே போனாலும் உங்கள் கீதான் என்று அடம்பிடிப்பவர் என்றால் சொந்தமாக ஒரு மைனர் மோடு எழுதி அதில் எல்லாவற்றையும் வையுங்கள்.

லிஸ்ப் பக்கம் இரண்டே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடாமல் அதை அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுவது. அப்படி எழுதினால் கீயை அழுத்தும்போது அல்ல, கான்ஃபிக் (ஈமேக்ஸ் திறக்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) ஏறும்போதே அது ஓடிவிடும். இன்னொன்று, ஃபங்ஷனுக்குள் 'இன்டராக்டிவ்' வரியை விடுவது. கீயை அழுத்தினால் 'கமாண்ட்பி' என்று முணுமுணுக்கும் பிழை வந்தால் காரணம் இதுதான். லாம்ப்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) வைக்காமல் பெயர் கொடுத்து எழுதுவது என் சிபாரிசு, ஆறு மாதம் கழித்துக் கண்ட்ரோல்-ஹெச் கே தட்டும்போது பெயர் தெரிந்தால்தான் நமக்கே ஞாபகம் வரும். ஈமேக்ஸ் 29 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் 'கீமேப்-குளோபல்-செட்' பயன்படுத்துங்கள், கீயைத் தப்பாக எழுதினால் அப்போதே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்.

அப்புறம், கான்ஃபிக்கிலிருந்து வரியை அழித்தும் ஷார்ட்கட் போகவில்லையே என்று தேடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஈமேக்ஸில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கும். 'குளோபல்-அன்செட்-கீ' கொடுங்கள், இல்லையென்றால் மூடித் திறங்கள்.