இடதுசாரி வாக்காளர் தன் தலைவரை நம்பாதபோது: எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 தேர்தல்களுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போகும் இளையவர்கள் கூடிவிட்டார்கள். செய்தியாளர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், கொழும்பு ஆய்வாளர்களுக்காகக் கேள்விக்கொத்து நிரப்புகிறவர்கள். அவர்களில் பலர் தேடிப் போவது ஒரே மாதிரியான ஆளைத்தான்: இடதுசாரிச் சிந்தனை உள்ளவர், ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்தவர், ஆனாலும் அதன் தலைவரை முழுதாக நம்பாதவர். அப்படியானவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு கதைத்துவிட்டு வந்து எழுதப்படும் கட்டுரைகளை வாசிக்கும்போதுதான் மனம் பொறுக்கவில்லை. தேர்தல் செய்தி எழுதத் தொடங்கிய காலத்தில் எங்கள் தலைமுறை விட்ட அதே பிழைகள்.

பெயரைப் பிழையாக எழுதுவது, தொகுதியை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை ஆசிரியபீடத்தில் யாராவது திருத்திவிடுவார்கள். ஒருவரும் திருத்தாமல் அச்சுக்குப் போய்விடுகிற தவறுகள் வேறு.

செப்ரெம்பரிலிருந்து நவம்பருக்கு நேர்கோடு போடுவது

2024 செப்ரெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தித் தலைவர் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் கிடைத்தது 7 வீதத்தைச் சற்றே தாண்டிய வாக்குகள். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் அவரது கட்சிக்கு 80,830 வாக்குகள், ஏறக்குறைய கால்வாசி. ஆறு ஆசனங்களில் மூன்று. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எட்டே வாரத்தில் யாழ்ப்பாணம் தலைவரை நம்பத் தொடங்கியது" என்று எழுதிவிடுகிறார்கள்.

முதலாவது தலைவருக்குப் போடும் வாக்கு. இரண்டாவதில் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு, ஊரில் தெரிந்த வேட்பாளரின் விருப்பிலக்கத்துக்கும் போடலாம். தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாக உடைந்து நின்ற கோபத்தில் போட்டவர்கள் பலர். ஜனாதிபதித் தேர்தலிலும் தமிழ்ப் பொது வேட்பாளரின் சின்னமான சங்குக்கு முதல் விருப்பு, அநுரவின் சின்னமான திசைகாட்டிக்கு இரண்டாம் விருப்பு என்று போட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். "கொள்கை பிடிக்கும், ஆளை இன்னும் பார்க்க வேணும்" என்பதை அதைவிடத் துல்லியமாக ஒரு வாக்குச்சீட்டில் சொல்ல முடியாது. முதல் விருப்பை மட்டும் காட்டும் அட்டவணையில் அது தெரியாது. ஆகவே யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். இரண்டாவதாக யாருக்கு என்றும் கேளுங்கள்.

நம்பாமையைக் கட்சி மாறியதாக எழுதுவது

மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன், இதை முடியாது. இதனால் நாங்கள் இழந்தவை திரும்பி வரக்கூடியவை அல்ல.

அளவெட்டிப் பக்கம் ஒரு ஐயா. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியின் பழைய ஆதரவாளர். ஒரு இளைய செய்தியாளரை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். விறாந்தையில் சாக்கு விரித்து, காய்ந்த வெங்காயத்தின் தாளை முறுக்கிப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே கதை சொன்னார். 1970இல் சிறிமாவோ தலைமையில் இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் வெங்காய, மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரன் தலை நிமிர்ந்தான் என்றார். வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளும் அந்தக் காசில் எழும்பியவை. சுவரைத் தட்டிக் காட்டினார்.

அதே அரசாங்கத்தின் காலத்தில்தான் அவருடைய தம்பி மருத்துவபீடத்துக்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வேறு வேறு வெட்டுப்புள்ளி வைக்கும் தரப்படுத்தல் வந்த முதல் ஆண்டு. சிங்கள மொழி மூலம் எழுதியவர்களுக்கு 229 புள்ளி போதும், தமிழ் மொழி மூலம் எழுதியவர்களுக்கு 250 வேண்டும். தம்பியின் புள்ளி இரண்டுக்கும் நடுவில். அந்த அமைச்சரவையில் நிதி அமைச்சர் லங்கா சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா. அரசியலமைப்பு விவகார அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. வீடமைப்புக்குப் பொறுப்பாக இருந்த பீற்றர் கெனமன் ஐயாவின் சொந்தக் கட்சிக்காரர். "அவங்கள் மூண்டு பேரும் மேசையிலதானே இருந்தவங்கள்" என்றார். வெங்காயப் பிடியைக் கயிற்றால் இறுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அதற்குப் பிறகும் அவர் இடதுசாரியாகவே இருந்தார். 1972 அரசியலமைப்பை எதிர்த்துப் பதவி விலகிய தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் 1975 பெப்ரவரியில் காங்கேசன்துறை இடைத்தேர்தலில் மீண்டும் நின்றபோது, எதிரே நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். ஊரே செல்வநாயகத்தின் பக்கம் நிற்க, இவர் பொன்னம்பலத்துக்குப் போட்டார். பொன்னம்பலம் நல்ல மனிதர், ஆனால் கொழும்பில் இருந்த தலைவர்களை அப்போதே தான் நம்பவில்லை என்றும் சொன்னார். பொன்னம்பலமே பின்னாளில் அந்தக் கட்சியை விட்டு வெளியேறிச் செந்தமிழர் இயக்கத்தைத் தொடங்கினார் என்பதையும் இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 நவம்பரில் ஐயா திசைகாட்டிக்குப் புள்ளடி போட்டார். ஏன் என்று கேட்டபோது சொன்னது இது: "ஊழலை ஒழிப்பாங்கள் எண்ட நம்பிக்கை இருக்கு. ஏழை எளியதுகளுக்கு ஏதும் செய்வாங்கள். ஆனா தம்பி, எங்கட விசயத்தில தலைவர் கடைசி நேரத்தில எந்தப் பக்கம் சாய்வார் எண்டு எனக்குத் தெரியும். வோட் போட்டனான். நம்பிப் போட்டனான் எண்டு மட்டும் எழுதாதை."

வெளிவந்த கட்டுரையின் தலைப்பு, மூத்த இடதுசாரி தமிழ்த் தேசியத்துக்குத் திரும்பிவிட்டார் என்ற பொருளில் இருந்தது. அவர் திரும்பவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக நின்ற இடத்திலேயே நிற்கிறார். தலைவர்களைச் சந்தேகிப்பதே அந்த நிலைப்பாட்டுக்குள் இருந்து வருகிற ஒன்று. சமத்துவம் என்று பேசிய கட்சியிடம் அந்தச் சமத்துவத்தைக் கேட்கிறார், அவ்வளவுதான். தமிழ்த் தேசியக் கட்சிக்காரர் ஒருவர் அநுரவைச் சந்தேகிப்பதற்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. அவர் ஏற்கெனவே எதிரணி. இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் போட்டால் எழுதியவருக்கு எதுவுமே விளங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்புறம் நடந்தது இன்னும் மோசம். உறவினர் கொண்டாட்டங்களில் அவரை "திருந்தி வந்த ஆள்" என்று கேலி செய்தார்கள். திசைகாட்டிக்கு வேலை செய்த பெடியள் அவரைக் கண்டால் முகம் திருப்பினார்கள். அவர் படலையைப் பூட்டிக்கொண்டார். அவரோடு சேர்ந்து அவருடைய சிநேகிதர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களில் சிலர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீக்கிங் (சீன) சார்பு அணியில் இருந்தவர்கள். 1966 ஒக்டோபர் 21 அன்று சாதியத்துக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஊர்வலமாக நடந்தவர்கள். அன்று இருபது வயது என்றால் இன்று எண்பதைத் தொடும் வயது. பொலிஸ் தடியடியை முதுகில் வாங்கியவர்களின் வாய்மொழியைப் பதிந்துகொள்ள எஞ்சியிருக்கும் காலம் கொஞ்சம். ஒரு தலைப்பால் அந்த வாசல் அடைபட்டது. எனக்கு இன்னமும் ஆறவில்லை.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. கொள்கை, கட்சி, தலைவர் என்ற மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். பிறகு "எப்போதிருந்து நம்பவில்லை?" என்று கேளுங்கள். பதிலில் வருகிற ஆண்டே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். 1964 என்றால், அந்த ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ அரசாங்கத்தில் சேர்ந்து ட்ரொட்ஸ்கியவாதிகளின் சர்வதேச அமைப்பான நான்காம் அகிலத்திலிருந்து விலக்கப்பட்ட கதை. 1966 என்றால், தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளுக்கு எதிராக ஜனவரி 8 அன்று கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் இடதுசாரிகளும் கலந்துகொண்ட கதை. பத்து வருடத்துக்கு முன்னர் தனிச் சிங்களச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்றவர்கள் அவர்களேதான், அதனால்தான் அந்த வலி ஆழமானது. 1972 என்றால் கொல்வின். இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்று 1956இல் எச்சரித்தவரின் கையால் வந்த அரசியலமைப்பில் சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பு இல்லை. 2005, 2006 என்று சொன்னால் சுனாமி நிவாரணத்துக்காக விடுதலைப் புலிகளோடு அரசாங்கம் செய்த பொதுக்கட்டமைப்பு உடன்பாட்டை எதிர்த்து ஜே.வி.பி. அரசாங்கத்தை விட்டு வெளியேறியதையும், அவர்கள் தொடுத்த வழக்கில் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நினைத்துச் சொல்கிறார்.

ஆண்டு தெரிந்த பிறகுதான் அடுத்த கேள்வி. அதைக் கேட்காமல் எழுதப்படுகிற எதுவும் ஊகம்.

எல்லாவற்றையும் இனப்பிரச்சினைக்குள் அடக்குவது

ஆசிரியர் ஒருவர் தலைவரை நம்பாததற்குச் சொன்ன முதல் காரணம் சர்வதேச நாணய நிதியம். 2023 மார்ச்சில் ரணில் விக்கிரமசிங்க அரசாங்கம் செய்த உடன்படிக்கையை எதிர்க்கட்சியில் இருந்தபோது விமர்சித்தவர்கள், பதவிக்கு வந்த பிறகு அதன் வழியிலேயே போகிறார்கள் என்றார். தெற்கில் ஒரு தொழிற்சங்கக்காரரும் இதையேதான் சொல்வார். இன்னொருவர், ஊரில் கட்சிக்கு முன்னால் நிற்பவர்கள் எந்தச் சாதியார் என்று பார்க்கச் சொன்னார். தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களில் ஒரு காலத்தில் முன்னணியில் நின்ற ஊர் அது. இந்த இரண்டையும் "தமிழர் அதிருப்தி" என்ற சொல்லுக்குள் போட்டு மூடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இளையவர்களிடம் 1972ஐக் கேட்பது

அவர்களுக்கு அது பாடப்புத்தகம். இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் சந்தேகத்துக்கு வயது குறைவு. வடக்கில் காணி உரித்து தொடர்பாக 2025 மார்ச் 28 அன்று வந்த வர்த்தமானி அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். பாராளுமன்றத் தேர்தலில் வாக்கு வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. போரில் உறுதி தொலைந்த குடும்பம், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் குடும்பம், குறித்த காலத்துக்குள் எப்படி உரிமை நிரூபிப்பது? எதிர்ப்பு கிளம்பியது, வழக்குப் போனது, அறிவித்தலும் மீளப்பெறப்பட்டது. "மீளப்பெற்றது நல்லது, ஆனால் முதலில் அதைக் கொண்டு வரும்போது ஒருத்தருக்கும் எங்கட நிலைமை தெரியாதா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவளும் திசைகாட்டிக்குப் போட்டவள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் அவர்களிடம் கேளுங்கள். 1979இல் வந்த சட்டம், ஒழிப்போம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதியிருந்தார்கள். மாகாண சபையையும் கேளுங்கள். வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் கடைசியாக நடந்தது 2013 செப்ரெம்பரில். அதன் காலம் முடிந்தது 2018 ஒக்டோபரில். அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. தேர்தலை ஒரு வருடத்துக்குள் வைப்பதாகச் சொன்ன கட்சி இது என்பதை இளையவர்கள் மறக்கவில்லை.

லண்டனைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில் ஒட்டுவது

எல்லா வீட்டிலும் லண்டனில் ஒரு மச்சான் இருக்கிறார். தொழிற்கட்சிக்கு வாக்களிக்கிற மச்சான், கெயர் ஸ்டார்மரை நம்ப முடியாது என்று வட்ஸ்அப்பில் சொல்வார். அவருடைய காரணம் நியாயமானதுதான். 2020இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது ஸ்டார்மர் கொடுத்த 10 உறுதிமொழிகளில் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிப்பதும் ஒன்று. பிறகு அதைக் கைவிட்டார். ஆட்சிக்கு வந்த கையோடு முதியோருக்கான குளிர்கால எரிபொருள் கொடுப்பனவில் கை வைத்தார்.

இதைக் கேட்ட எங்கள் எழுத்தாளர்கள் "உலகமெங்கும் இடதுசாரிகளின் பிரச்சினை ஒன்றே" என்று எழுதிவிடுகிறார்கள். மச்சானின் முறைப்பாடு, தலைவர் கட்சி உறுப்பினர்களிடம் ஒன்றைச் சொல்லி வாக்கு வாங்கிவிட்டுப் பொதுத் தேர்தலுக்கு வேறொன்றைச் சொன்னார் என்பது. அளவெட்டி ஐயாவின் முறைப்பாட்டில் பொய் வாக்குறுதி என்ற பேச்சே இல்லை. தலைவர் நேர்மையாக இருந்தாலும், தெற்கின் பெரும்பான்மை வாக்கு அசைந்தால் அவரும் அசைவார் என்கிறார். முதலாவதைத் தலைவரை மாற்றித் தீர்க்கலாம். இரண்டாவது அப்படித் தீராது.

1971ஐ அலங்காரத்துக்குச் செருகுவது

1971இல் ஜே.வி.பி. ஆயுதக் கிளர்ச்சி செய்தபோது அதன் தலைவர் ரோகண விஜேவீர யாழ்ப்பாணத்தில் சிறை வைக்கப்பட்டிருந்தார். அதனால் யாழ்ப்பாணத்துக்கும் ஜே.வி.பி.க்கும் பழைய உறவு என்று ஆகிவிடாது.

பெயர் போடுவது

வேண்டாம். ஊரையும் தொழிலையும் சேர்த்துப் போட்டாலே ஆள் யார் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும்.

தலைவர் வந்துபோன கிழமையில் கேட்பது

ஜனாதிபதி யாழ்ப்பாணம் வந்து கூட்டம் வைத்த கையோடு போய்க் கேட்டால் கிடைப்பது கூட்டத்தைப் பற்றிய கருத்து. அவர் தமிழில் வணக்கம் சொன்னார், பாதுகாப்பு வாகனங்கள் குறைவாக வந்தன, ஆள் எளிமையானவர் என்பார்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். நம்பிக்கை பற்றிய பதில் அதில் இருக்காது. வரவுசெலவுத் திட்டம் நிறைவேறிய கிழமையில் போங்கள். மாகாண சபைத் தேர்தல் இன்னொரு முறை தள்ளிப்போன செய்தி வந்த மறுநாள் போங்கள். பின்னேரம் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டி முடித்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம் நல்லது. ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்க முன்னர் அனுமதி கேளுங்கள், எழுதி முடித்ததும் அவர் சொன்ன பகுதியை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "நம்பிப் போட்டனான் எண்டு எழுதாதை" என்று சொல்கிறவருக்கு அதைச் சொல்ல இன்னொரு சந்தர்ப்பம் அங்கேதான் கிடைக்கும்.