கணினியிலிருந்து தெளிவாகப் பேச: லின்ஃபோன் அமைக்கும் முறை

"கேக்குதா? கேக்குதா?" என்றே பாதி நேரம் கரைந்துபோகிற இன்டர்நெட் அழைப்புகளோடு என்னிடம் வராதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் தேடி வருகிறார்கள். எல்லாரும் முதலில் பழி போடுவது இன்டர்நெட் வேகத்தின் மேல். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் இருந்த ஜி.711 முறையில் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாகப் பதிவார்கள். ஆக, நொடிக்கு 64 கிலோபிட். அதையே 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி இன்டர்நெட்டில் அனுப்பினால், ஒவ்வொன்றின் தலையிலும் ஏறும் முகவரி விவரத்தையும் சேர்த்து 80 கிலோபிட் சொச்சம்தான். இன்றைய பிராட்பேண்டுக்கு இது தூசு. குரலைக் கெடுப்பவை இரண்டு: பொட்டலங்கள் சீராக வந்து சேராதது, மோசமான மைக்.

மென்பொருளுக்கு வருவோம். 2003ல் வந்த ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகு கேட்பவர்களுக்கெல்லாம், அதே போல இன்டர்நெட் வழியே பேச உதவும் லின்ஃபோனைத்தான் நான் சொல்கிறேன். இலவசம், திறமூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்; மொபைலுக்கும் உண்டு. எல்லாவற்றையும் விட, அது 'சிப்' (SIP) என்ற, இன்டர்நெட் அழைப்புகளை இணைப்பதற்கான பொது நெறிமுறையில் இயங்குகிறது. இமெயில் போலத்தான்: முகவரி ஓரிடத்தில் வாங்கலாம், மென்பொருள் வேறாக இருக்கலாம். நாளைக்கே லின்ஃபோன் பிடிக்கவில்லை என்றால் சிப் தெரிந்த இன்னொரு மென்பொருளில் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

லின்ஃபோனின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். வேறு டவுன்லோட் தளங்கள் வேண்டாம். நிறுவித் திறந்ததும் புதுக் கணக்குக்கு வழி காட்டும். பயனர் பெயரைச் சின்னதாக, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் வையுங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களும் பார்த்து அடிக்க வேண்டுமே. கணக்கை உறுதி செய்ததும் உங்களுக்கு ஒரு சிப் முகவரி கிடைக்கும். எதிர்முனையில் இருப்பவரும் இதையே செய்து, அவர் முகவரியை உங்களுக்கு அனுப்பட்டும். முகவரிக்கு முகவரி பேசக் காசு கிடையாது. உள்ளூர், வெளிநாடு என்ற பேதமும் இல்லை.

அடுத்து ஆடியோ அமைப்பு. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எது ஸ்பீக்கர், எது மைக் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் மாட்டியிருந்தும் லேப்டாப்பின் உள் மைக்கிலேயே பேசிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பேசும்போது ஹெட்செட் மைக்கை விரலால் லேசாகத் தட்டுங்கள். எதிரில் 'டொக்' என்று கேட்டால் சரி. புளூடூத்தை விட வயர் ஹெட்செட் மேல். பல புளூடூத் ஹெட்செட்களில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலித்தரம் இறங்கிவிடும்.

எதிரொலி பற்றி ஒரு விஷயம், நன்றாக நினைவில் வையுங்கள்: உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டால், கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில். அவருடைய ஸ்பீக்கரிலிருந்து வரும் உங்கள் குரலை அவருடைய மைக் பிடித்து அனுப்புகிறது. அவரை ஹெட்செட் போடச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் எதையும் திருக வேண்டாம்.

குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளுக்குக் கோடெக் என்று பெயர். அந்தப் பட்டியலில் ஓபஸ் (Opus) என்பது மேலே இருக்கட்டும். பழைய டெலிபோன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதனால்தான் 'ஸ', 'ஃப' எல்லாம் குழம்பும். ஓபஸ் அதற்கு மேலும் கடத்துவதால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் இருக்கும். ஜி.711ஐயும் அணைத்துவிடாதீர்கள். சாதாரண டெலிபோன் எண்களுக்குப் போகும் அழைப்புகளில் அது தேவைப்படலாம். ஜி.711இல் நம் நாட்டில் புழங்கும் வகை, பட்டியலில் பிசிஎம்ஏ (PCMA) என்று இருக்கும்.

பேச்சை மற்றவர் கேட்க முடியாதபடி பூட்டி அனுப்பும் குறியாக்கத்தில் இசட்ஆர்டிபி (ZRTP) என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். முதல் அழைப்பில் திரையில் சில எழுத்துகள் வரும். இருவரும் வாய்விட்டுச் சொல்லி, ஒத்துப்போகிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். சோம்பல்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இதற்குப் பிறகும் குரல் விட்டு விட்டு வந்தால், கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங் (ping) கட்டளையைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். அனுப்பியதற்குப் பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அது காட்டும். எண்கள் 30, 32, 31 என்று வந்தால் லைன் நன்றாக இருக்கிறது. 30, 280, 45 என்று துள்ளினால் குரல் உடையத்தான் செய்யும். கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். வீட்டில் யாருடைய மொபைலாவது அந்த நேரத்தில் போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்லோட் அடைபட்டால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. அவர் பேசுவது மட்டும் உங்களுக்குக் கணீரென்று வரும்.

சாதாரண டெலிபோன் எண்ணைக் கூப்பிட வேண்டுமானால் சிப் சேவை விற்கும், உரிமம் பெற்ற நிறுவனத்திடம் தனிக் கணக்கு வாங்க வேண்டும். அவர்கள் தரும் பயனர் பெயர், கடவுச்சொல், டொமைன் (அவர்களுடைய சர்வரின் பெயர்) மூன்றையும் லின்ஃபோனில் இரண்டாவது கணக்காகச் சேர்க்கலாம். ஆனால் 112 போன்ற அவசர எண்களுக்கு இதை நம்பாதீர்கள்; மொபைலையே எடுங்கள். மென்பொருளை முழுவதுமாக மூடிவிட்டால் கணினிக்கு அழைப்பு வராது. அதனால் அதே கணக்கை மொபைலிலும் போட்டு வையுங்கள். அழைப்பு அங்கே வரும்.