சிறார் பேஸ்பால் ஆட்டக்காரருக்கு மர மட்டை தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் பலர் பள்ளித் தோழர்களைப் பார்த்துப் பேஸ்பால் ஆடத் தொடங்குகிறார்கள். கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்த உடனே அதன் தரத்தைச் சொல்லிவிடக்கூடிய தந்தையர்கூட, கடையில் வரிசையாக நிற்கும் உருண்டையான மர மட்டைகளின் முன்னால் எதைத் தொடுவது என்று தெரியாமல் நிற்பதுண்டு. நானும் அப்படி நின்றவன்தான். என் மகனின் ஒன்பதாவது வயதில் நான் வாங்கிக் கொடுத்த முதல் மர மட்டை 30 அங்குல நீளமுள்ள மேப்பிள் மட்டை. பள்ளிச் சீருடையைச் சற்றுப் பெரிதாகத் தைத்து ஓரத்தை மடித்துவிடும் அதே கணக்கில், வளர்கிற பிள்ளைதானே என்று நினைத்து வாங்கினேன். பந்து அவனைக் கடந்த பிறகே மட்டை வந்து சேரும் என்ற நிலையில் அந்த ஆட்டப் பருவம் முழுவதும் கழிந்தது.

வாங்கப் போகும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் மரத்தின் பெயரைக் கேட்கிறார்கள், பிறகு நீளத்தைப் பார்க்கிறார்கள், எடையை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். பிள்ளையின் மணிக்கட்டுக்கு மரத்தின் பெயர் தெரியாது; எடை மட்டுமே தெரியும். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படி 1: விதியைக் கேட்டறியுங்கள்

லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் ஆட்டங்களில் 1971ஆம் ஆண்டு முதல் அலுமினிய மட்டைகள் பயன்பாட்டில் இருக்கின்றன. 2018 ஜனவரி முதல், மரமல்லாத மட்டைகளில் யுஎஸ்ஏ பேட் என்ற முத்திரை இருக்க வேண்டும் என்ற நெறி அங்கே நடைமுறைக்கு வந்தது. ஒரே கட்டையில் கடைந்தெடுத்த முழு மர மட்டைக்கு அந்த முத்திரை தேவையில்லை. ஆனால் மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்தவையும், பல மரத்துண்டுகளை இணைத்துச் செய்தவையும் முழு மர மட்டைகளாகக் கருதப்படுவதில்லை என்பதால் அவற்றில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். லிட்டில் லீக்கில் 12 வயது வரையிலானவர்கள் ஆடும் மேஜர்ஸ் பிரிவிலும் அதற்குக் கீழுள்ள பிரிவுகளிலும் மட்டையின் நீளம் 33 அங்குலத்தையும் தடிமனான பகுதியின் விட்டம் 2⅝ அங்குலத்தையும் தாண்டக்கூடாது. சிறுவர் மர மட்டைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளேயே இருக்கும். வேறு அமைப்புகளின் விதி வேறாக இருக்கலாம். பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

படி 2: நீளத்தை அளந்து பாருங்கள்

பிள்ளையை நேராக நிற்கச் சொல்லுங்கள். கைப்பிடியின் கடைசியில் குமிழ்போல் இருக்கும் முனையை நெஞ்சின் நடுவில் வைத்து, கையை நீட்டியிருக்கும் திசையிலேயே மட்டையையும் பக்கவாட்டில் நீட்டச் செய்யுங்கள். விரல்நுனிகள் மட்டையின் மறுமுனையைச் சுற்றிப் பிடிக்கும் அளவுக்கு எட்டினால் நீளம் சரி. எட்டவே இல்லையென்றால் மட்டை நீளம். மட்டையின் தடித்த முனையைக் காலருகே தரையில் ஊன்றி நிறுத்தினால், தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு அருகே குமிழ் வருகிறதா என்று பார்ப்பது இன்னொரு முறை. இரண்டையும் செய்து பார்ப்பது நல்லது.

பொதுவாக 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு 24 முதல் 26 அங்குலமும், 8, 9 வயதினருக்கு 26 முதல் 28 அங்குலமும், 10 வயதுக்கு 28 அல்லது 29 அங்குலமும், 11, 12 வயதினருக்கு 30 அல்லது 31 அங்குலமும் பொருந்தும் என்பார்கள். இந்தக் கணக்கு உலோக மட்டையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. மர மட்டைக்கு மாறும் பிள்ளைக்கு இதிலிருந்து ஓர் அங்குலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

படி 3: எடையைத் தராசில் போடுங்கள்

பேஸ்பால் உலகில் டிராப் என்றொரு சொல் உண்டு. அங்குலத்தில் நீளம் எவ்வளவோ அதிலிருந்து அவுன்ஸில் எடை எவ்வளவோ அதைக் கழித்தால் கிடைக்கும் எண்ணே டிராப். 28 அங்குல உலோக மட்டை 18 அவுன்ஸ் இருந்தால் அதன் டிராப் 10. அதே 28 அங்குலத்தில் மர மட்டை 22 அவுன்ஸ் வரை வரலாம். அப்போது டிராப் 6. வித்தியாசம் 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம். கேட்பதற்கு ஒரு கைப்பிடி அரிசியின் எடைதான், ஆனால் அது நீண்ட கோலின் முனையில் உட்கார்ந்துகொண்டு சுழலும்போது ஒன்பது வயதுத் தோளுக்கு வேறு கதையாகிவிடுகிறது. உலோக மட்டை உள்ளே கூடாக இருக்கும். மர மட்டையோ தடித்த பகுதி முழுவதும் திடமான மரம். ஆகவே தராசில் ஒரே எடை காட்டினாலும், வீசும்போது மர மட்டை கனமாகத் தெரியும்.

மரம் இயற்கைப் பொருள் என்பதால், ஒரே அச்சில் கடைந்த இரண்டு மட்டைகள்கூட ஒரு அவுன்ஸ் வேறுபடலாம். பல சிறுவர் மட்டைகளில் நீளம் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும், எடை இருக்காது. கடைக்குப் போகும்போது ஒரு சிறிய சமையலறைத் தராசை எடுத்துச் செல்வதில் எந்த வெட்கமும் வேண்டாம். ஒரே நீளமுள்ள நான்கைந்து மட்டைகளை நிறுத்துப் பார்த்து, இலேசான இரண்டை எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒற்றை விரலின்மேல் கிடத்தி அது சமநிலையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சமநிலைப் புள்ளி கைப்பிடிக்கு அருகில் எது வருகிறதோ அந்த மட்டைதான் வீசுவதற்கு எளிது. முனையில் கிண்ணம்போல் குழித்திருக்கும் மட்டைகளில் நுனி எடை சற்றுக் குறைந்திருப்பதையும் கவனிக்கலாம்.

கடைசியாகப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். வழக்கமாக எழுதாத கையால் குமிழருகே பிடித்து, மட்டையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி இருபது வினாடி வைத்திருக்கச் சொல்லுங்கள். கை நடுங்கி மட்டையின் முனை சரிந்தால் அது கனம். அடுத்து, இடமிருந்தால் தொடர்ந்து பத்து முறை வீசச் சொல்லி, பத்தாவது வீச்சை முதல் வீச்சோடு ஒப்பிடுங்கள். முதல் வீச்சு எவருக்கும் அழகாகத்தான் வரும். இந்தச் சோதனையில் தோற்ற மட்டையைப் பிள்ளை எவ்வளவு விரும்பினாலும் வாங்காதீர்கள்.

படி 4: கைப்பிடியின் வடிவம்

மட்டைகளின் வடிவத்துக்கு எண்களால் பெயரிடும் வழக்கம் உண்டு. 110 என்ற வடிவம் தடித்த கைப்பிடியும் சீரான எடைப் பகிர்வும் கொண்டது; 271 நடுத்தரம்; 243 மெல்லிய கைப்பிடியும் பருத்த முனையும் உடையது. தொடக்க நிலைப் பிள்ளைக்கு 110 அல்லது 271 வடிவமே போதும். மெல்லிய கைப்பிடி பந்து தவறான இடத்தில் பட்டால் எளிதில் முறியும் என்பதோடு, பருத்த முனை எடையை வெளியே தள்ளிவிடும் என்பதால், 243ஐப் பதினான்கு வயதுக்கு முன் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: எந்த மரம்

கடையில் பெரும்பாலும் மூன்று மரங்கள் இருக்கும். ஆஷ் மரம் இலேசானது, கொஞ்சம் வளைந்து கொடுக்கக்கூடியது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க மட்டை என்றால் ஆஷ் மட்டைதான். இப்போது அது அருகி வருவதற்கு ஒரு பூச்சி காரணம்: ஆசியாவிலிருந்து வந்த பச்சை நிற வண்டு ஒன்று 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது, அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டன. மேப்பிள் கடினமானது, கனமானது. 2001இல் தொழில்முறை ஆட்டக்காரர் பாரி பாண்ட்ஸ் ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி) அடித்தபோது பிடித்திருந்தது மேப்பிள் மட்டை என்பதால் அதன் புகழ் உயர்ந்தது. பாண்ட்ஸின் தோளும் நம் வீட்டுப் பையனின் தோளும் ஒன்றல்ல என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். மூன்றாவதான பிர்ச் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: ஆஷ் போல ஓரளவு வளையும், மேப்பிளைப் போலவே எளிதில் உரியாமல் இருக்கும், புதிதில் சற்று மென்மையாக இருந்து அடிக்க அடிக்க இறுகும்.

முதல் மர மட்டைக்கு இலேசான ஆஷ் கிடைத்தால் அதை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பிர்ச். மேப்பிளை இரண்டாவது மட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 6: மரத்தின் வரியைப் படியுங்கள்

கிரிக்கெட் மட்டைக்கு முகம் தட்டையாக வெளியே தெரிகிறது. பேஸ்பால் மட்டை உருண்டை என்றாலும் அதற்கும் ஒரு முகம் உண்டு. அது மரத்தின் வரியில், அதாவது நார் ஓடும் கோடுகளில், ஒளிந்திருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடி, ஏனெனில் மட்டை பெரும்பாலும் முறிவது அங்கேதான். வெளிச்சத்தில் மட்டையைச் சுழற்றியபடி கைப்பிடியில் ஓடும் கோடுகளைக் கவனியுங்கள். அவை மட்டையின் நீளத்துக்கு இணையாக ஓடினால் மரம் வலுவானது. சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், அந்தச் சாய்வின் வழியாகவே மட்டை பிளக்கும். மேப்பிள் மட்டைகள் ஈட்டிபோல் சிதறி ஆட்டக்களத்தில் பறந்ததை அடுத்து, தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2008இல் ஆய்வு நடத்தி, வரியின் சாய்வு 3 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று வகுத்தது. மேப்பிளிலும் பிர்ச்சிலும் வரி கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பதால், கைப்பிடியில் ஒரு சொட்டு மை வைத்து, அது நாரின் வழியே எந்தத் திசையில் கசிகிறது என்று பார்க்கும் முறை அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. மைப் புள்ளியுள்ள சிறுவர் மட்டை கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். இல்லாவிட்டால் கண்ணளவு போதும்: ஒரு அடி நீளத்துக்குள் கோடு அரை அங்குலத்துக்கு மேல் விலகினால் அந்த மட்டையைத் திரும்ப வைத்துவிடுங்கள். நேர்த்தியான கட்டைகள் பெரும்பாலும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே போகின்றன என்பதால் சிறுவர் மட்டைகளை நாம்தான் பொறுக்கிப் பார்க்க வேண்டும். அடர் கறுப்புச் சாயம் பூசிய மட்டையில் இதைச் செய்ய முடியாது; ஆகவே முதல் மட்டை இயற்கை நிறத்தில் இருக்கட்டும்.

ஆஷ் மட்டையில் நெருக்கமான நேர்கோடுகள் தெரியும் பக்கமும், அகன்ற வளைவுகள் தெரியும் பக்கமும் தனித்தனியே இருக்கும். பந்து நேர்கோட்டுப் பக்கத்தில் பட வேண்டும். அகன்ற வளைவுகளின் மேல் பட்டுக்கொண்டே இருந்தால் மரம் செதில் செதிலாக உரியும். மேப்பிளுக்கும் பிர்ச்சுக்கும் இது நேர்மாறு. இதைப் பிள்ளை நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, ஏனெனில் உற்பத்தியாளர்கள் அந்தந்த மரத்துக்கு ஏற்ற இடத்தில் தங்கள் நிறுவன முத்திரையைப் பொறிக்கிறார்கள். மட்டையைப் பந்தின் பாதையில் நீட்டும்போது முத்திரை வானத்தைப் பார்க்க வேண்டும், அல்லது தரையைப் பார்க்க வேண்டும். பந்தைப் பார்க்கக் கூடாது. பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்தது இந்த ஒன்றைத்தான்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிச் சுத்தியலால் தட்டிப் பழக்கிய கை இங்கேயும் அரிக்கும். மெருகு பூசி வரும் பேஸ்பால் மட்டைக்கு அதெல்லாம் தேவையில்லை. வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியிலும், ஈரமான தரையிலும் அதை விட்டுவைக்காதீர்கள். பயிற்சிக் கூண்டுகளில் எந்திரம் வீசும் குழிவிழுந்த கடினப் பந்துகளை மர மட்டையால் அடிக்க விடாதீர்கள். நல்ல மட்டைகள் பல அங்கேதான் உயிரை விடுகின்றன. முதல் இரண்டு வாரம் மெத்தென்ற பந்தை ஸ்டாண்டில் வைத்து அடிக்கச் சொன்னால், முனையிலிருந்து 5 முதல் 7 அங்குலத்துக்குள் இருக்கும் சரியான இடத்தைப் பிள்ளையின் கையே கண்டுகொள்ளும். அதற்கு அப்பால் பட்டால் உள்ளங்கை சுள்ளென்று எரியும். உலோக மட்டை இந்தப் பாடத்தை இவ்வளவு தெளிவாக நடத்துவதில்லை.

ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, குமிழைக் கெட்டியான தரையில் மெல்லத் தட்டிக் கேளுங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி அடைத்துக்கொண்டு, கைப்பிடியில் ஒரு சிறு அதிர்வு மிஞ்சும். அப்படிப்பட்ட மட்டையைப் பசை போட்டு ஒட்டியோ, நாடாவால் சுற்றியோ மறுபடி ஆட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.