உறங்கும் ஸ்டெம் செல்லை நாமே தட்டி எழுப்பிவிடும் கதை

போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் தன் முதல் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். தசை ஸ்டெம் செல் காயம் படும்வரை பிரியாமல் உறங்கும்; எழும்போது முதலில் கிளம்புபவை ஃபாஸ், ஜூன் என்ற இரண்டு மரபணுக்கள். கிழட்டு எலிகளின் செல்களில் இரண்டுமே எகிறிப்போய் இருந்தன. "வயசானா செல்லுக்கும் தூக்கம் கெட்டுடுது போல, அக்கா" என்றார். பத்து வருடத்துக்கு முன் நானும் இதே வரைபடத்தோடு இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பைப்பெட் பிடிப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன். உறங்கும் செல்லை ஆராயும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிரியாத செல்லெல்லாம் உறங்குகிறது என்று நினைப்பது

பிரியும் செல்லைக் காட்டித் தரும் கேஐ-67 சாயம் ஏறவில்லையா? செல் இப்போது பிரியவில்லை, அவ்வளவுதான். உறங்கும் செல் காயம் பட்டால் எழுந்து பிரியும். மூப்படைந்து முடங்கிய செல் எழாது. 28 மாதம் தாண்டிய எலிகளில், செல் பிரிவதைத் தடுக்கும் பி16 மரபணுவின் கட்டு அவிழ்ந்து, உறங்கும் செல்கள் முடங்கும் நிலைக்குப் போவதை 2014இல் முனோஸ்-கானோவெஸ் என்பவரின் ஆய்வுக் குழு காட்டியது. பி16ஐ அடக்கியதும் அவற்றுக்குப் பிரியும் திறன் திரும்பியது. அதனால் பி16ஐயும் பாருங்கள், செல்லை வளர்த்து அது எழுகிறதா என்றும் பாருங்கள்.

எடுக்கும்போதே எழுப்பிவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரியும்.

தசை ஸ்டெம் செல் தசை இழைக்கும் அதைச் சுற்றிய மெல்லிய உறைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் பார்த்தது இதைத்தான். அதை வெளியே எடுக்கத் தசையைக் கொத்தி, திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியை ஊற்றி, 37 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்கிறோம். அப்புறம் வடிகட்டி, ஆன்டிபாடி போட்டு, செல்களைப் பிரித்தெடுக்கும் சார்ட்டரில் ஓட்டி முடிக்கப் பாதி நாள் போய்விடும். செல்லைப் பொறுத்தவரை இது காயம். காயம் பட்டால் எழுவதுதானே அதன் வேலை? ஃபாஸும் ஜூனும் அரை மணிக்குள் கிளம்பிவிடும்.

நான் செய்த கூத்து இதற்கும் ஒரு படி மேலே. கிழட்டுத் தசையில் நார்த்திசு அதிகம், லேசில் கரையாது. கரையட்டும் என்று அதற்கு மட்டும் அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தேன். இரண்டு வருடம் வளர்த்த எலிகள்! ஐந்து மாதம் கணினி முன் உட்கார்ந்து 'வயதின் விளைவு' என்று ஒரு பட்டியல் போட்டேன். கடைசியில் ஒரு சந்தேகத்தில் இளம் எலியின் தசையையும் அதே கூடுதல் நேரம் ஊறவைத்தேன். பட்டியலில் பாதி அப்படியே வந்தது. நான் அளந்தது வாட்டர் பாத்தில் போன அரை மணி நேரத்தை.

2017இல் வேறு வேறு குழுக்கள் இந்தக் கோளாறை வெளியிட்டன. அதில் ஒரு குழு தசையைக் கரைப்பதற்கு முன்பே ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தியது. முடிந்தால் அப்படிச் செய்யுங்கள். முடியாவிட்டால் இளசையும் கிழத்தையும் ஒரே நாளில், கடிகாரம் வைத்து, ஒரே நேரம் ஊறவையுங்கள். கூடவே கொஞ்சம் தசையைக் கரைக்காமல் உறையவைத்து வெட்டி, அதே மரபணுக்களை அங்கேயும் தேடுங்கள்.

காயம் செய்யாத மறுகாலை ஒப்பிடுவதற்கான கன்ட்ரோலாக எடுப்பது

ஒரு காலில் காயம் செய்தால் மறுகாலில் உள்ள செல்களும் அரைத்தூக்கத்துக்கு வந்துவிடும். ஸ்டான்ஃபோர்டில் ராண்டோவின் குழு 2014இல் இதற்கு 'ஜி-அலர்ட்' என்று பெயரே வைத்துவிட்டது. கன்ட்ரோலுக்குக் காயமே படாத வேறு எலி வேண்டும்.

நாலு வார எலியை 'இளம் எலி' என்பது

அது இன்னும் வளர்கிறது. அதன் செல்களும் பிரிந்துகொண்டிருக்கின்றன. அதற்கு மூன்று மாத வயது ஆகும்வரை பொறுங்கள்.

எழுப்பிவிட்டால் இளமை திரும்பும் என்று எழுதுவது

கிழட்டுத் தசை இழை, செல்லைப் பிரியத் தூண்டும் எஃப்ஜிஎஃப்-2 என்ற புரதத்தை அதிகம் சுரந்து செல்களைத் தூங்கவிடாமல் தொந்தரவு செய்கிறது, ஸ்டெம் செல் இருப்பு கரைகிறது. எலிகளில் அந்தச் சமிக்ஞையைத் தடுத்தபோது இருப்பு தங்கியது.

கொலாஜினேஸ் லாட் மாறியதைக் கவனிக்காதது

லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் நொதியின் வீரியமும் மாறும், பழைய நேரக் கணக்கு செல்லாது.